பெருந்தமனியையும் அளந்து எழுதுங்கள்

தர்மபுரி மாவட்டத்தில் வயிற்று ஸ்கேன் பார்க்கிற, பார்க்கச் சொல்லி எழுதுகிற மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

நான் அரூர் பக்கத்துக்காரன். ரத்தநாள அறுவை சிகிச்சை என் தொழில். பிழைப்பு வெளியூரில் என்றாலும், கேஸ் ஷீட்டில் பென்னாகரம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் என்று நம் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன். அப்படி வருகிறவர்களில் வயிற்றுப் பெருந்தமனி வீங்கிப்போனவர்களைப் பற்றியும், அவர்களிலும் உள்ளுறுப்புகளின் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக இருப்பவர்களைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு எந்தக் காரணத்துக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தாலும், பெருந்தமனியை அளந்து அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அதைச் சுற்றி வழக்கத்துக்கு மாறாக எது கண்ணில் பட்டாலும் அதையும் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி எங்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைப் படிக்கும் பொதுமக்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி நெஞ்சைக் கடந்து, முதுகெலும்பை ஒட்டியபடி வயிற்றில் இறங்கி, ஏறக்குறையத் தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றில் அதன் விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர். சுவர் நலிந்து 3 சென்டிமீட்டருக்கு விரிந்துவிட்டால் அது வீக்கம். சைக்கிள் டியூபில் தேய்ந்துபோன இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்குமே, அதுபோல. புடைக்கப் புடைக்கச் சுவர்மேல் இழுவிசை ஏறும். அது மேலும் புடைக்க வைக்கும். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் என்ற அளவைத் தொட்டால் சரிசெய்வது பற்றிப் பேசியாக வேண்டும். புகை பிடிப்பவர்கள், 65 வயதைக் கடந்த ஆண்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இதே நோய் இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். பீடியும் புகைதான் என்பதை நம் மாவட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த நோயின் கொடுமையே, வெடிக்கும்வரை பெரும்பாலும் வலிக்காது என்பதுதான். ஒல்லியான பெரியவர் சிலர், “படுத்தா வயித்துல நெஞ்சு மாதிரி துடிக்குதுங்க” என்பார்கள். வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். வெடித்துவிட்டால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பதில்லை. அவர்களில் பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிப்பதில்லை.

தமிழ்நாட்டில் இந்த நோயின் பெயர் வீட்டுக்கு வீடு கேட்டது 2024 அக்டோபர் 1 அன்று. நடிகர் ரஜினிகாந்துக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் வீக்கம் இருந்தது, உடலைத் திறக்காமல் குழாய் வழியாகச் சென்று ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கத்தை அடைத்துவிட்டோம் என்று சென்னை அப்போலோ மருத்துவமனை அன்று அறிக்கை வெளியிட்டது. அப்போது அவருக்கு 73 வயது. அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊரான நாச்சிக்குப்பம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004-இல் மாவட்டம் பிரியும்வரை தர்மபுரி மாவட்டத்து ஊர்தான். அந்த வாரம் முழுக்க என்னிடம் வந்தவர்களெல்லாம், “அவருக்கு வெச்ச அதே ஸ்டென்ட்டை எங்க அப்பாவுக்கும் வெச்சிடுங்க சார்” என்றார்கள். ஆசை நியாயமானது. ஆனால் எந்த உடலுக்கு எந்த வழி என்பதை உடலின் உள்ளமைப்புதான் முடிவு செய்கிறது. நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

கருவில் நம் சிறுநீரகங்கள் இடுப்புக் குழியில்தான் உருவாகின்றன. அங்கிருந்து மேலே ஏறி விலா எலும்பின் அடிக்கு வருகின்றன. ஏறும் வழியில் பெருந்தமனியிலிருந்து புதுப்புதுக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு, பழையவற்றை விட்டுவிடுகின்றன. சிலருக்குப் பழைய கிளைகள் போகாமல் தங்கிவிடும். அதனால்தான் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் இருக்கின்றன. சிலருக்கு ஒரு சிறுநீரகம் ஏறாமலே இடுப்பில் தங்கிவிடும். இன்னும் சிலருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கீழ்முனையில் ஒட்டிக்கொண்டு குதிரைலாட வடிவில் ஏறும். ஒட்டிய பகுதி, குடலுக்குப் போகும் கீழ்த் தமனியில் தடுக்கிப் பாதி வழியில் நின்றுவிடும். பெருந்தமனி வீங்குகிற இடத்துக்கு நேர் முன்னால் அந்தச் சதைப் பாலம் குறுக்கே கிடக்கும்.

சிரைகளின் கதையும் இதே மாதிரிதான். கருவில் இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனியைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கிறது. பின்பக்கத்துப் பாதி மறைந்து, முன்பக்கத்துப் பாதி மட்டும் மிஞ்சுவது வழக்கம். சிலருக்கு முன்பாதி மறைந்து பின்பாதி மிஞ்சும். சிலருக்கு இரண்டும் மிஞ்சும். வலப்பக்கம் ஓட வேண்டிய கீழ்ப் பெருஞ்சிரை சிலருக்கு இடப்பக்கம் ஓடும். சிலருக்கு இருபுறமும் ஓடும்.

இவற்றை “அரிது” என்று ஒதுக்குகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் 15 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். குதிரைலாடச் சிறுநீரகம் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அது இங்கும் பொருந்தினால் தர்மபுரியில் மட்டும் 3,000 பேர். பெருந்தமனிக்குப் பின்னால் ஓடும் சிறுநீரகச் சிரை நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு உண்டு. அப்படியானால் முப்பதாயிரத்துக்கு மேல். கூடுதல் சிறுநீரகத் தமனி உள்ளவர்கள் மூன்றரை லட்சத்தைத் தாண்டுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பாடப்புத்தகப் படத்தில் உள்ளபடியே அமைந்த உடம்புக்காரர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இவர்களில் பெரும்பாலோருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை; ஆயுள் முழுக்கத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம். பெருந்தமனி வீங்கி, நாங்கள் கத்தியோடு உள்ளே போகும் அன்றுதான் இவை ஒவ்வொன்றும் உயிர்ப் பிரச்சினை ஆகின்றன.

எப்படி என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வழக்கமான திறந்த அறுவையில் நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை கீறுவோம். குடலை ஈரத்துணியில் பொதிந்து வலப்பக்கம் ஒதுக்குவோம். பெருந்தமனிமேல் உள்ள திசுவைப் பிரித்துக்கொண்டே மேலே போனால், குறுக்கே நீலமாக இடது சிறுநீரகச் சிரை கிடக்கும். அதைக் கண்டால் மனம் நிம்மதியாகும். வீக்கம் தொடங்குமுன் உள்ள நல்ல பகுதி, நாங்கள் கழுத்து என்று சொல்வது, அங்கேதான் இருக்கிறது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே கிளாம்ப் போட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, வீங்கிய பையைத் திறந்து, உள்ளே உறைந்து கிடக்கும் ரத்தக் கட்டியை வாரி எடுத்து, முதுகுப்பக்கத்துச் சிறு கிளைகளைத் தைத்து மூடி, டேக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயை மேலும் கீழும் தைத்து இணைப்போம்.

அந்த நீலச் சிரை முன்னால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால், பெருந்தமனியைச் சுற்றி விரலை விடவே மாட்டோம். முன்னும் பக்கவாட்டிலும் மட்டும் பிரித்து, நேராக இறங்கும் கிளாம்பைப் போடுவோம். தெரியாமல், வழக்கம்போலப் பின்பக்கம் விரலை விட்டுச் சுற்றினால் சிரை கிழியும். தமனியிலிருந்து பீறிடும் ரத்தத்தை ஒரு கிளாம்பில் நிறுத்திவிடலாம். முதுகெலும்புக்கும் பெருந்தமனிக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கிழிந்த சிரையை நிறுத்துவது அப்படியல்ல. குளம்போல ரத்தம் ஏறிக்கொண்டே வரும். உறிஞ்ச உறிஞ்ச ஏறும். எங்கள் துறையில் இதைக் கண்டு அஞ்சாதவர் கிடையாது.

இப்போது நல்ல செய்தி ஒன்று. நம் மாவட்டத்தில் ஸ்கேன் பார்க்கும் இளம் மருத்துவர் ஒருவர், புராஸ்டேட் தொந்தரவுக்காக வந்த விவசாயிக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறார். சிறுநீர்ப்பையைப் பார்த்ததோடு விட்டிருக்கலாம். மேலே நகர்த்தி, பெருந்தமனி 4.7 சென்டிமீட்டர் என்று அளந்து எழுதினார். அதன் முன்னால் குறுக்கே ஒரு சதைப்பட்டை தெரிந்தது. நெறிகட்டி என்றோ புற்று என்றோ பலர் எழுதிவிடும் இடம் அது. அவர் இரண்டு சிறுநீரகங்களின் கீழ்முனைகளும் உள்நோக்கித் திரும்பியிருப்பதைக் கவனித்து, குதிரைலாடச் சிறுநீரகம் என்று எழுதினார்.

அந்த இரண்டு வரிகள் எங்களுக்கு மாதக்கணக்கில் நாள் வாங்கிக் கொடுத்தன. அளவு ஏறிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பீடியை நிறுத்த வைத்தோம். ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் கொண்டு வந்தோம். அளவு 5.5-ஐத் தொட்டதும் சிடி ஆஞ்சியோ எடுத்தோம். சதைப் பாலத்துக்குப் போகும் தமனி ஒன்று நேராக வீங்கிய பையிலிருந்தே கிளம்புவது அதில் தெரிந்தது. ஸ்டென்ட் வைத்து மூடினால் அந்தத் தமனியும் சேர்ந்து மூடிப்போகும். அது ஊட்டிவந்த சிறுநீரகப் பகுதி சாகும். வயிற்றை முன்னால் திறந்தால் பாலத்தை வெட்டியாக வேண்டும். வெட்டினால் சிறுநீர் கசிந்து, புதுக் குழாயில் கிருமி ஏறும் ஆபத்து.

ஆகவே இடது விலாப்புறத்தில் கீறினோம். குடல் பையைத் திறக்காமல் அப்படியே முன்னால் தள்ளி, இடது சிறுநீரகத்தையும் பாலத்தையும் அதோடு சேர்த்து முன்னால் தூக்கிப் பிடித்தோம். பின்புறமாகப் பெருந்தமனி முழுசாகத் தெரிந்தது. பையைத் திறந்ததும் அந்தத் தமனியின் வாய் உள்ளிருந்து தெரிந்தது. அதைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவு சுவரோடு வெட்டி எடுத்து, குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்தி, டேக்ரான் குழாயின் பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்தோம். சூடான உடம்புக்குள் ரத்தம் இல்லாமல் சிறுநீரகம் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். குளிரவைத்தால்தான் கூடுதல் நேரம் கிடைக்கும். கிளாம்பை எடுத்ததும் வெளுத்திருந்த பாலம் சிவந்தது. மயக்க மருத்துவர் குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்து, “வருது சார்” என்றார். அறையில் இருந்த எல்லோரும் கேட்கக் காத்திருந்த சொல் அது.

அந்த அறுவையின் பாதி வேலை தர்மபுரி ஸ்கேன் அறையிலேயே முடிந்திருந்தது என்று நான் சொல்வது முகஸ்துதி இல்லை.

ஸ்டென்ட் கிராஃப்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990-இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்சில் ஹுவான் பரோடி தொடைத் தமனி வழியாகச் சென்று முதன்முதலாக வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தை அடைத்துக் காட்டினார். வயிற்றைத் திறக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தக் குழாய் பிடித்து நிற்கச் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே 10 முதல் 15 மில்லிமீட்டராவது நல்ல கழுத்து வேண்டும். அந்தக் கழுத்து 60 பாகைக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. கருவி நுழைய இடுப்புத் தமனிகள் போதிய அகலத்தில் இருக்க வேண்டும். நம் ஆட்களில், குறிப்பாகச் சிறிய உடல்வாகு கொண்ட பெண்களில், அந்தத் தமனிகள் குறுகலாகவும் நெளிந்தும் இருப்பது உண்டு. கழுத்தே இல்லாதவர்களுக்கு, அவரவர் உடலின் அளவெடுத்து, சிறுநீரகத் தமனிகளுக்கு நேராகத் துளை வைத்துச் செய்யும் குழாய்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்து வரவழைக்கப் பல வாரங்கள் ஆகும், செலவும் அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் கசிவு இருக்கிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ இருக்கும் பெரியவரால் ஆண்டுதோறும் வர முடியுமா என்பதும் சிகிச்சையைத் தேர்வதில் ஒரு கணக்கு. இத்தனையையும் யோசிக்க எங்களுக்கு வேண்டியது நாள். வெடித்த பிறகு வருகிறவரிடம் நாள் இருப்பதில்லை, நிமிடங்கள்தான் இருக்கின்றன.

மருத்துவத்திடம் வழியே இல்லாத காலமும் இருந்தது. 1948-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிசன், வீங்கிய பெருந்தமனியைச் செல்லோஃபேன் தாளால் சுற்றி வைத்தார். அன்று வேறு வழி இல்லை. 1951-இல் பாரிஸில் சார்ல் துபோ, வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் தமனியைப் பொருத்திக் காட்டினார். 1955 ஏப்ரலில் ஐன்ஸ்டைனுக்கு வீக்கம் வெடித்தபோது, அறுவை வேண்டாம் என்று அவரே மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அன்று இறந்தார். இன்று குதிரைலாடச் சிறுநீரகம் இருந்தாலும், சிரை இடம் மாறியிருந்தாலும், கழுத்து இல்லாவிட்டாலும் செய்வதற்கு வழி இருக்கிறது. “அனாட்டமி சரியில்லை, ஒன்றும் செய்ய முடியாது” என்று யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அனாட்டமி மாறியிருப்பவர்தான் மற்றவர்களைவிட முன்னதாக எங்களிடம் வர வேண்டியவர்.

ஸ்கேன் செய்தால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. பிரிட்டனில் 65 முதல் 74 வயது வரையிலான 67,800 ஆண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள், மற்றவர்களை அழைக்கவில்லை. 2002-இல் வெளியான முடிவில், அழைக்கப்பட்டவர்களிடையே நான்கு ஆண்டுகளில் இந்த நோயால் நேர்ந்த மரணம் 42 சதவீதம் குறைவாக இருந்தது. 2009 முதல் இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசே இதற்காக அழைக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு திட்டம் இல்லை. ஆனால் கல்லுக்கும் புராஸ்டேட்டுக்கும் பித்தப்பைக்கும் என்று நீங்கள் நாள்தோறும் எடுக்கும் ஸ்கேன்கள் இருக்கின்றன. ஏற்கெனவே உங்கள் மேசையில் படுத்திருப்பவரின் வயிற்றில் கருவியை இன்னும் ஒரு நிமிடம் வைத்தால் போதும்.

நடைமுறைக்காகச் சில வேண்டுகோள்கள்.

ரிப்போர்ட்டில் “பெருந்தமனி நார்மல்” என்று முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எண் வரட்டும். முன்பின் விட்டத்தை, சுவரின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்தீர்களா, உள் ஓரத்திலிருந்தா என்பதையும் குறியுங்கள். அடுத்த முறை வேறொருவர் அளக்கும்போது, உண்மையிலேயே வளர்ந்திருக்கிறதா என்று தெரிய அது வேண்டும். குடலில் காற்று மறைத்துப் பெருந்தமனி தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். வெறும் வயிற்றில் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

சிறுநீரகங்கள் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா, ஒட்டியிருக்கின்றனவா, இடது சிரை முன்னால் போகிறதா பின்னால் போகிறதா, கீழ்ப் பெருஞ்சிரை எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கல்லுக்காக சிடி எடுப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவரானால் அது எந்தப் பக்கம் என்பதை மறக்க வேண்டாம்; அந்தச் சிறுநீரகத்துக்கு ரத்தம் இடுப்புத் தமனியிலிருந்து போகிறது, நாங்கள் கிளாம்ப் போடுவது அதற்கும் மேலே.

3 முதல் 3.9 சென்டிமீட்டர் வரை இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, 4 முதல் 4.9 வரை ஆண்டுக்கு ஒரு முறை, 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளக்கச் சொல்கிறது அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல். ரிப்போர்ட்டின் அடியில் அடுத்து வர வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஃபிலிமையும் குறுவட்டையும் நோயாளி கையிலேயே கொடுங்கள். “ஐயா, உங்க வயித்துல போற பெரிய ரத்தக்குழாய் கொஞ்சம் அகலமா இருக்கு. இப்ப பயம் இல்ல. ஆனா சொன்ன மாசத்துல வந்து அளந்துக்கணும். பீடிய இன்னியோட விட்டுடுங்க” என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள ஆங்கிலத்தை அவருக்குப் படித்துச் சொல்ல வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரவுப் பணியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. அறுபது தாண்டிய ஆண் ஒருவர், முதன்முறையாக இடது விலாவிலோ முதுகிலோ கடும் வலி, வியர்வை, கொஞ்சம் மயக்கம் என்று வந்தால், சிறுநீரகக் கல் என்று முடிவு கட்டி ஊசி போடும் முன் வயிற்றில் கையை வைத்துப் பாருங்கள். ஸ்கேன் கருவியால் ஒரு பார்வை பாருங்கள். வெடித்த பெருந்தமனி கல் வேடத்தில்தான் அதிகம் வருகிறது. அது உறுதியானால், பிபியை 120-க்குக் கொண்டுவர பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்ற வேண்டாம். நினைவோடு பேசுகிறார் என்றால் மேல் அளவு 70 முதல் 90 வரை இருந்தாலே போதும். அதற்கு மேல் ஏற்றினால் உறைந்து அடைத்து நிற்கும் இடம் மறுபடி உடையும். ரத்தத்துக்குச் சொல்லிவிட்டு, போகும் இடத்துக்கு போன் செய்துவிட்டு, 108-இல் ஏற்றுங்கள். தர்மபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய் தாண்டி சேலத்துக்கு 65 கிலோமீட்டர், சென்னைக்கு 300. மலையூர்களிலிருந்து தர்மபுரிக்கு வந்து சேரவே நேரமாகும். வழியில் போகும் நேரத்தை நம்மால் அதிகம் குறைக்க முடியாது. அப்படி ஒரு இரவே வராமல் தடுக்க, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஸ்கேன் அறையில் எழுதிய எண்ணால்தான் முடியும்.

“முகாம் போட்டு ஊர் ஊராக ஸ்கேன் பார்த்துவிடலாமே” என்று சிலர் நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள். நான் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ஸ்கேன் கருவியைக் கொண்டு பெண் கருக்களைத் தேடித் தேடி அழித்தார்கள். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இங்கும் வர வேண்டியிருந்தது. பாலினம் சொல்லிக் காசு பார்த்த கும்பல்கள் இங்கே அண்மை ஆண்டுகளிலும் பிடிபட்டிருக்கின்றன. கருவியைப் பதிவு பெற்ற இடத்தில், பதிவு பெற்றவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மியும் தளரக் கூடாது. ஆகவே கருவி தெருவுக்குப் போக வேண்டாம். பெரியவர்கள் கருவியிடம் வரட்டும். அதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண்கள் வீடு வீடாகச் சென்று பிபியும் சுகரும் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் 65 தாண்டிய, பீடி குடித்த, கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஆண் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவரை ஒரே ஒரு முறை தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அரூர், பென்னாகரம், பாலக்கோடு அரசு மருத்துவமனைக்கோ அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். முதல் அளவு நார்மலாக இருந்தால் பெரும்பாலோருக்கு மறுபடி பார்க்கவே தேவையில்லை.

என் பங்குக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் எழுதி அனுப்பும் எந்த எண்ணையும் “இதற்குப் போய் அனுப்பினார்களா” என்று ஒதுக்க மாட்டேன். 3.2 என்றாலும் பார்ப்பேன். உள்ளமைப்பு மாறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியது சிடியில் வேறாகத் தெரிந்தால் அதையும் உங்களுக்கே எழுதித் தெரிவிப்பேன்; அறுவையில் கண்டது என்ன, அவர் எப்படி இருக்கிறார் என்பதும் உங்களுக்கு வந்து சேரும். என் துறை நண்பர்களிடமும் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் எழுதியவருக்கு முடிவு தெரியாமல் போவதுதான், அடுத்த முறை அளக்கக் கை வராமல் போவதற்கு ஒரு காரணம்; அந்தக் குறை எங்கள் பக்கத்துக் குறை, அதை நாங்கள் சரிசெய்கிறோம்.

நாளைக் காலை உங்கள் மேசைக்கு வரும் முதல் பெரியவரிடமிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
அரூர் பக்கத்து ரத்தநாள அறுவை மருத்துவர்